படிக்கத் தெரியாதவர்களிடம் ஓட்டுக் கேட்டது எப்படி?

17 கோடி வாக்காளர்கள்! அவர்களில் 100-க்கு 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது!

இவர்களிடம் போய் ஓட்டுக் கேட்க வேண்டும். நோட்டீசு அடித்துக் கொடுத்தால் படிக்க முடியாது. பெயரை அச்சடித்துக் காட்டினால், எந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. டெலிவிஷன் கிடையாது. ரேடியோப் பெட்டி வசதி உள்ளவர் வீட்டில்தான் இருக்கும். பல ஊர்களுக்குச் சாலையே கிடையாது.

சுதந்திர இந்தியா தன் முதல் பொதுத் தேர்தலை இந்த நிலையில்தான் நடத்தியது. 1951-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, இமயமலைச் சாரலில் உள்ள சினி என்ற இடத்தில் முதல் ஓட்டு விழுந்தது. பனி கொட்டத் தொடங்கினால் அங்கே பாதை அடைபட்டுப் போகும். அதனால்தான் அவர்களுக்கு மட்டும் முந்திக்கொண்டு தேர்தல். மற்ற இடங்களில் 1952-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை ஓட்டுப் பதிவு நடந்தது.

"இது நடக்கிற காரியமா?" என்று கேட்டவர்கள் பலர். சரித்திரத்திலேயே பெரிய சூதாட்டம் என்று இது மதிக்கப்படுவதாகச் சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரே எழுதினார்.

சூதாட்டம் என்ன ஆயிற்று? பார்ப்போம்.

யாருக்கு ஓட்டு?

தேர்தல் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. சோழர் காலத்தில் உத்தரமேரூரில் குடவோலை முறை இருந்தது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். 10-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழவேண்டுமானால் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் காலத்திலும் ஓட்டு எல்லாருக்கும் கிடையாது. சொத்து இருக்க வேண்டும். அல்லது வரி கட்ட வேண்டும். அல்லது படிப்பு வேண்டும். கூலிக்கு உழைப்பவருக்குப் பெரும்பாலும் ஓட்டு இல்லை.

புதிய அரசியல் சட்டம் இந்தத் தடைகளை எல்லாம் தூக்கி எறிந்தது. 21 வயது நிரம்பினால் போதும். ஆணா பெண்ணா, பணக்காரரா ஏழையா, படித்தவரா படிக்காதவரா என்ற கேள்வியே இல்லை. மில் முதலாளிக்கும் ஒரு ஓட்டு; மில் வாசலில் வேர்க்கடலை விற்பவருக்கும் ஒரு ஓட்டு! (இந்த 21 வயது, 1989-ம் ஆண்டு 18 ஆகக் குறைக்கப்பட்டது.)

உரிமை கொடுத்தாகிவிட்டது. அதைப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமே!

எழுத்து தெரியாவிட்டால் என்ன?

அந்தப் பொறுப்பு சுகுமார் சென் என்பவர் தலையில் விழுந்தது. அவர் ஐ.சி.எஸ். அதிகாரி, கணிதத்தில் புலி. 1950-ம் ஆண்டு அவர் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் ஆனார்.

எழுத்து தெரியாதவருக்குப் படம் தெரியும் அல்லவா? அதையே அவர் பிடித்துக்கொண்டார்.

1937-ம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் வர்ணப் பெட்டிகள் இருந்தன. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. மஞ்சள் மங்களகரமானது என்று சொல்லியே ஓட்டுக் கேட்டார்கள். ஆனால் வர்ணம் எத்தனை இருக்கிறது? 5 பேர் நின்றால் 5 வர்ணம் சொல்லலாம். 10 பேர் நின்றால் என்ன செய்வது?

எனவே சின்னங்கள் வந்தன. காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்டு கட்சிக்கு மரம். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. கம்யூனிஸ்டு கட்சிக்குக் கதிர் அரிவாள். ஜனசங்கத்துக்கு விளக்கு. அம்பேத்கரின் கட்சிக்கு யானை.

இந்தச் சின்னங்களைக் கவனியுங்கள். எல்லாம் கிராமத்து மனிதர் அன்றாடம் கண்ணால் பார்ப்பவை. காளை என்றால் உழவனின் செல்வம். குடிசை என்றால் ஏழையின் வீடு. விளக்கு என்றால் இருள் விலகும். விளக்கம் சொல்ல ஒரு வாத்தியார் வேண்டியது இல்லை.

ஏர்க் கலப்பை வேண்டும் என்று பல கட்சிகள் போட்டி போட்டன. "யாருக்கும் இல்லை" என்று கமிஷன் சொல்லிவிட்டது. உழவர் நாட்டில் ஏரை ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் கதி என்ன? சாமி சம்பந்தப்பட்ட பொருள்களும், தேசியக் கொடியும் சின்னமாக வரக்கூடாது என்றும் முடிவாயிற்று.

ஓட்டுப் போடும் முறையும் எளிது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனி இரும்புப் பெட்டி. பெட்டியில் அவர் சின்னம் ஒட்டியிருக்கும். அதிகாரி கொடுக்கும் சீட்டில் எதுவும் எழுதவேண்டாம், முத்திரை குத்தவேண்டாம். மறைவான இடத்துக்குப் போய், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் முடிந்தது!

இதற்காகச் சுமார் 20 லட்சம் பெட்டிகள் செய்தார்கள். 8 ஆயிரம் டன்னுக்கு மேல் இரும்பு செலவாயிற்று. பட்டியலை டைப் அடிப்பதற்கு மட்டும் 16,500 குமாஸ்தாக்கள்!

வீதியெல்லாம் பிரசாரம்

வேட்பாளர்கள் சும்மா இருப்பார்களா? சின்னத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சுவரெல்லாம் சின்னம். தட்டியெல்லாம் சின்னம். கல்கத்தாவில் தெருவில் திரிந்த மாடுகளின் முதுகில்கூட, காங்கிரசுக்கு ஓட்டுப் போடும்படி எழுதி விட்டார்கள். மாடு எங்கே போகிறதோ, அங்கே பிரசாரமும் போகும்! மாட்டுக்குச் சம்பளமும் இல்லை.

பிரதமர் நேரு 9 வாரத்தில் 25 ஆயிரம் மைல் சுற்றினார். விமானம், கார், ரெயில், படகு என்று எதையும் விடவில்லை. 300 பெரிய கூட்டங்களில் பேசினார். சுமார் 2 கோடிப் பேர் அவர் பேச்சை நேரில் கேட்டார்கள் என்பது ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் அவர் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வார்.

இவ்வளவு வசதி எல்லாருக்கும் ஏது? சிறிய கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும் மாட்டு வண்டியும் காலும்தான் துணை. ஒலிபெருக்கி கிடைத்தால் யோகம். கிடைக்காவிட்டால் தொண்டைதான் ஒலிபெருக்கி!

ரேடியோ, சினிமா, பத்திரிகை

ரேடியோ சர்க்கார் கையில் இருந்தது. அதில் எந்தக் கட்சிக்கும் பிரசாரம் செய்ய இடம் கொடுக்கவில்லை. ஓட்டு என்றால் என்ன, பட்டியல் எப்படித் தயாராகிறது, எப்படி ஓட்டுப் போடுவது என்று மட்டும் ரேடியோ சொல்லிக் கொடுத்தது. கட்சிகள் வானொலியில் பேசுவதற்கு 1977-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓட்டுப் போடும் முறையை விளக்க ஒரு படம் எடுத்தார்கள். 3 ஆயிரத்துக்கும் அதிகமான சினிமாக் கொட்டகைகளில் அது காட்டப்பட்டது. கதாநாயகனைப் பார்க்க வந்தவர்கள், ஓட்டுப் பெட்டியையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்திரிகைகளின் வேலை இன்னும் பெரியது. பத்திரிகை விற்பது ஆயிரக்கணக்கில். ஆனால் அதன் செய்தி போய்ச் சேர்வது அதைப்போலப் பல மடங்கு. காரணம் என்ன? டீக்கடையிலும் சலூனிலும் ஒருவர் உரக்கப் படிப்பார். 10 பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படித்தவர் நிறுத்தியதும் விவாதம் ஆரம்பமாகும். "அவர் போன தடவை என்ன செய்தார்?" "இவர் வந்தால் மட்டும் என்ன செய்துவிடுவார்?" என்று கேள்விகள் பறக்கும்.

மேடையில் வேட்பாளர் பேசுவார், ஜனங்கள் கேட்பார்கள். டீக்கடையில் ஜனங்களே பேசுவார்கள். ஓட்டு யாருக்கு என்ற முடிவு பல பேர் மனதில் அங்கேதான் முளைவிட்டது.

பெயர் சொல்ல மறுத்த பெண்கள்

எல்லாச் செய்தியும் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. வேதனையான ஒரு கதையும் உண்டு.

பட்டியல் எழுத வீடு வீடாகப் போன குமாஸ்தாக்கள், "அம்மா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். வட இந்தியாவில் பல பெண்கள் சொல்ல மறுத்துவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆணிடம் பெயர் சொல்வது அவர்களுக்கு வழக்கம் இல்லை. "இன்னாருடைய மனைவி", "இன்னாருடைய தாய்" என்றுதான் சொன்னார்கள்.

புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்த நம் ஊர்ப் பாட்டிமாருக்கு இது புரியும். ஆனால் அங்கே, தன் பெயரையே சொல்லக்கூடாது!

சுகுமார் சென் இதற்கு இணங்கவில்லை. ஓட்டு மனைவிக்கு அல்ல, தாய்க்கு அல்ல, அந்தப் பெண்ணுக்கு! ஆகவே அவள் பெயர் வேண்டும் என்றார். பீகாருக்கு ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். அங்கே ஓரளவு பலன் கிடைத்தது. ஆனாலும் நாடு முழுவதும் இருந்த சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்களில், 28 லட்சம் பேர் கடைசிவரை பெயர் சொல்லவில்லை. அவர்களுக்கு ஓட்டு இல்லாமல் போயிற்று.

28 லட்சம் பேர் என்றால் கொஞ்சமா? பெரிய கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சல் நல்லதுக்குத்தான் என்று சென் நினைத்தார். அடுத்த தேர்தலுக்குள் வழக்கம் மாறும் என்று நம்பினார். அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. 1957-ம் ஆண்டுத் தேர்தலுக்குள் பெரும்பாலான பெண்கள் பட்டியலில் ஏறிவிட்டார்கள்.

2019-ம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் வந்த செய்தி இன்னும் இனிப்பானது. ஆண் வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்களின் சதவீதத்தைவிட, பெண் வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்களின் சதவீதம் சற்றே அதிகம்!

ஜனங்கள் சொன்ன பதில்

சரி, 1952-ம் ஆண்டுக்கு வருவோம். படிக்காதவர்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்?

பாராளுமன்றத்தின் 489 இடங்களில் காங்கிரஸ் 364 இடங்களைப் பிடித்தது. "பார்த்தீர்களா? நேரு முகத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார்கள்!" என்று சொல்லத் தோன்றும்.

அவசரப்படக்கூடாது. சென்னை மாகாணத்தைப் பாருங்கள். 375 சட்டசபை இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முதல்-மந்திரியாக இருந்த குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார்! பிறகு ராஜாஜி வந்துதான் மந்திரிசபை அமைத்தார். பம்பாயில் அரசியல் சட்ட மேதை அம்பேத்கரும் தோற்றார்.

இவர்களைத் தோற்கடித்தது சரியா, தவறா? அது வேறு வாதம். ஒன்று மட்டும் நிச்சயம். பெரிய பெயரைக் கண்டு மட்டும் ஜனங்கள் சீட்டுப் போடவில்லை. பாராளுமன்றத்துக்கு ஒரு கணக்கு, சட்டசபைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்க்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்து தெரியாது, ஆனால் எடை போடத் தெரியும்!

சூதாட்டம் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். 1953-ம் ஆண்டு சூடான் நாடு தன் முதல் தேர்தலை நடத்த வேண்டி வந்தது. அதை நடத்திக் கொடுக்க அழைக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே சுகுமார் சென்தான்!

பெட்டி போனது, சின்னம் இருக்கிறது

பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. தனித்தனிப் பெட்டி முறை போயிற்று. 1962-ம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், எல்லாச் சின்னமும் ஒரே சீட்டில் வந்தன. முத்திரை குத்தி ஓட்டுப் போட்டார்கள். 1982-ம் ஆண்டு கேரளத்தில் பரவூர் என்ற ஊரில் மின்னணு எந்திரம் முதன்முதலாக வந்தது. 2004-ம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் நாடு முழுவதும் எந்திரத்தில் நடந்தது.

ஆனால் அந்த எந்திரத்தின் பொத்தானுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? சின்னம்! படிப்பு பெருகிய பிறகும் அது போகவில்லை.

இன்று செல்போன் வந்துவிட்டது. வேட்பாளர் குரல் சட்டைப் பைக்குள்ளேயே கேட்கிறது. உண்மையும் வருகிறது, பொய்யும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே வேகம்! டீக்கடையில் ஒருவர் பொய் சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே மறுத்துப் பேசுவார். செல்போனை ஒருவர் தனியாகத்தானே பார்க்கிறார்? மறுத்துப் பேச அருகில் ஆள் இல்லை. ஆகவே அன்றைய ஜனங்களைப்போல் நாலு பேரிடம் கேட்டு, விசாரித்து, யோசிப்பது இன்று இன்னும் அவசியம்.

அதற்குச் சட்டமும் கொஞ்சம் நேரம் கொடுத்திருக்கிறது. ஓட்டுப் பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கூடாது, ஊர்வலம் கூடாது. ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும்.

அதுவரை பேசியவர்கள் வேட்பாளர்கள். அதன் பிறகு பேச வேண்டியவர், மறைவுத் தட்டிக்குப் பின்னால் தனியாக நிற்கும் வாக்காளர்தான்!