பற்றலும் விடுதலும்

தருமபுரியினின்று சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தொப்பூர்க் கணவாயில் குன்றுகளினூடே வளைந்து இறங்குகின்றது. விபத்துகள் பல நேர்ந்த இவ்விறக்கத்தில் வண்டியோட்டியின் உயிர்த்துணையாவது பிரேக்கே. வேண்டும்போது பற்றலும், வேண்டாதபோது விடுதலும் அதன் இருபெருங் கடமைகள். பற்றாத பிரேக்கின் தீமையை யாவரும் அறிவர்; விடாத பிரேக்கின் தீமையை அறிந்தோர் சிலரே.

2014ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் செய்யப்பெற்றது அம்பாசடர் கார். பழைய அம்பாசடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. டிரம் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டில். அதனுள் பிறைவடிவான ஷூக்கள் இரண்டு உள. மிதியை அழுத்துங்கால், குழாய்வழிச் செல்லும் பிரேக் எண்ணெய் சிறு சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஷூக்களை விரித்து டிரத்தோடு உராயச் செய்யும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அவற்றை உள்ளிழுக்கும்.

மழைக்காலம் முழுதும் கைபிரேக் இட்டபடியே நின்ற காரில், ஷூக்கள் துருவினால் டிரத்தோடு ஒட்டிக்கொள்வதுண்டு. கைபிரேக் கம்பி உறைக்குள் இறுகுதலும், ஸ்பிரிங் தளர்தலும் உண்டு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்பினது. அவ்வீரத்தால் பிஸ்டன் துருவேறிச் சிக்குதலும் உண்டு.

மாணவர்களே! காரணம் அறியாது சுத்தியலை எடுத்தல் தகாது. கைதேர்ந்தவர் உடனிருக்க, சமதரையில் மற்றைச் சக்கரங்களுக்குக் கட்டையிட்டு, கியரை நடுநிலையில் வைத்து, கைபிரேக்கை விடுவிக்க வேண்டும். பின்னர் ஐயத்திற்குரிய சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, தாங்கியில் நிறுத்திச் சுழற்றுக. சுழலாவிடின், சிலிண்டரிலுள்ள பிளீடர் என்னும் திருகைச் சற்றே தளர்த்துக. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் விடுபடுமாயின், அழுத்தம் உள்ளே தங்கிற்று என்பது தெளிவு. குற்றம் உட்புறம் வீங்கிய ரப்பர்க் குழாயிலோ மூலச் சிலிண்டரிலோ இருத்தல் வேண்டும். அப்போதும் விடுபடாவிடின், குற்றம் டிரத்தினுள்ளோ கைபிரேக் கம்பியிலோ உளது.

டிரத்தைக் கழற்றுமுன் ஷூக்களைச் சரிசெய்யும் திருகைத் தளர்த்தி, மரச்சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுக. பழைய லைனிங்கில் கல்நார் இருத்தல் கூடும்; அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆதலின் ஊதாது ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். பழுதுற்ற உறுப்புகளை மாற்றிய பின், புதிய எண்ணெய் வார்த்துக் குழாயிலுள்ள காற்றை முற்றும் போக்குதல் வேண்டும்.

இத்துணை முயற்சி எதற்கு? விடாத ஷூ ஓயாது உராய்ந்து டிரத்தைக் கொதிக்கச் செய்யும். டாட் 3 வகைப் புதிய பிரேக் எண்ணெயின் கொதிநிலை 205 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது என்பது விதி. ஈரம் கலந்த எண்ணெய்க்கு அவ்வெல்லை 140 பாகையே. எண்ணெய் கொதித்தால் ஆவி தோன்றும். ஆவி அழுத்தத்திற்கு எளிதிற் சுருங்கும். ஆதலின் மிதி தாழுமேயன்றி வண்டி நில்லாது. விடாத பிரேக்கே இறுதியில் பற்றாத பிரேக் ஆகின்றது.

எனவே, பழைய காரில் கணவாயை அடையுமுன், சிறிது தொலைவு ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையை நீட்டிப் பார்க்க. ஒன்று மட்டும் மிகுதியாய் அனல் வீசின், பயணத்தை அங்கேயே நிறுத்துக. இறக்கத்தில் அறிவதினும் சமவெளியில் அறிதல் நன்று.