ஊர் பார்க்கவும் சைக்கிள் மிதிக்கலாம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளில் காலை ஆறு மணிக்கு நின்று பார்த்தால், சைக்கிளில் போகும் பெண்களைக் காணலாம். கரியரில் பிள்ளை, ஹான்டிலில் மீன் பை, முன்கூடையில் சாப்பாட்டுப் பெட்டி. பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி, கச்சேரி என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். ஆனால் ஓர் இடத்தைப் பார்த்து மகிழ்வதற்காக ஒரு பெண் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுவதை எம்மத்தியில் காண்பது அரிது.

இதைப் பற்றிப் பேசும்படி அண்மையில் ஒரு மாதர் சங்கத்தினர் என்னை அழைத்திருந்தனர். அச்சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் யாராவது பேசுவது வழக்கம். வழமையாகப் போசாக்கு, சட்டம், கடன் என்று போகும். இம்முறை "ஏதும் புதுசாச் சொல்லுங்கோ மிஸ்" என்றார்கள். விடுமுறை நாட்களில் தோழிகள் இருவருடன் நிலாவெளி, குச்சவெளி வரை சைக்கிளில் போய்வருபவள் நான் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழ், முஸ்லிம் பெண்களாக முப்பது பேரளவில் பாயில் அமர்ந்திருந்தார்கள்.

பத்து வயதில் எடுத்த முடிவு

முதலில் டேர்வ்லா மேர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். 1931இல் பிறந்த அவருக்குப் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஓர் உலக வரைபடப் புத்தகமும் பரிசாகக் கிடைத்தன. சைக்கிளில் இந்தியாவுக்குப் போவது என்று அப்போதே முடிவெடுத்தார். ஆனால் பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தவேண்டி வந்தது. நடமாட முடியாத தாயைப் பராமரிக்க வேறு ஆளில்லை. தாய் 1962இல் இறந்த பிறகே அவரால் புறப்பட முடிந்தது. 1963 ஜனவரியில், கடும் பனிக்குளிரில் ஐரோப்பாவைக் கடந்து, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அந்த ஆண்டிலேயே டெல்லியை அடைந்தார். அவரது சைக்கிளின் பெயர் 'ரோஸ்'. கரடுமுரடான பாதைக்குத் தாங்காது என்று அதிலிருந்த கியரையும் கழற்றிவிட்டார். ரயர்களை வழியிலுள்ள நகரங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார்.

கியர் கதையைக் கேட்டதும் ஒரு சிரிப்பு எழுந்தது. "அப்ப எங்கட சைக்கிளும் அவவின்ர சைக்கிளும் ஒண்டுதான்" என்றார் ஒருவர். ஆனால் கூட்டத்தைத் தொட்டது தாயைப் பராமரித்த பகுதிதான். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்கும் பெண்கள் அங்கே மூவர் இருந்தனர். அவர்களில் ஒருவர், "அவ வெளிக்கிட முப்பத்தொரு வயசா?" என்று இரண்டு தரம் கேட்டார்.

புதுக்கோட்டையில் நடந்தது

அயர்லாந்துக்காரிக்குச் சரி, எங்களுக்கு ஒத்துவருமா என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துக் கிராமப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதை முன்னின்று நடத்தினார். விவசாயக் கூலிகள், கல்லுடைக்கும் பெண்கள், பர்தா அணிந்த முஸ்லிம் பெண்கள் எல்லோரும் மாலை நேரங்களில் வெளியில் வந்து பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏறக்குறைய ஒரு இலட்சம் பெண்கள் பழகியதாக அவர் எழுதுகிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமற் போனபோது ஆண்கள் சைக்கிளையே ஓடினார்கள். குறுக்குத்தண்டில் பிள்ளையை இருத்தலாம் என்று சிலர் அதையே விரும்பினார்களாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், தந்தையோ சகோதரனோ கூட்டிப்போகும்வரை பார்த்திருப்பதும் குறைந்தன. கேலி பேசிய ஆண்கள் இருக்கத்தான் செய்தார்கள். பெண்கள் கூட்டமாகப் போனதால் அந்தக் கேலி எடுபடவில்லை.

"தப்பத்தான் மிதிச்சனாங்கள்"

கூட்டத்தின் மூலையிலிருந்து அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா பேசினார். "மிஸ், சைக்கிள் எங்களுக்குப் புதுசில்ல. சண்டைக் காலத்தில முன்னால ஒரு பிள்ளை, பின்னால ஒரு பிள்ளை, உடுப்பு மூட்டையும் கட்டிக்கொண்டு எத்தினை கட்டை மிதிச்சனான். தப்பத்தான் மிதிச்சனாங்கள். ஊர் பார்க்க மிதிக்கேல்ல."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்னது வடக்கு, கிழக்கின் கதை. சுனாமிக்குப் பின்னரும் சைக்கிள்தான் கைகொடுத்தது. 2005இல் தொடங்கப்பட்ட வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப், வேர்ல்ட் விஷனுடன் சேர்ந்து 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை இலங்கையில் வழங்கியது. 2022இல் எரிபொருள் கிடைக்காமல் வரிசையில் நின்றபோதும் மூலையில் கிடந்த சைக்கிளைத்தான் துடைத்து எடுத்தோம். ஒவ்வொரு நெருக்கடியிலும் இந்த வண்டியை நம்பிய பெண்கள், ஆறுதலான ஒரு காலைப்பொழுதுக்கும் அதை எடுக்க உரிமை உடையவர்கள் என்றேன். அந்த அம்மா தலையாட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. "எங்க போறது? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

எங்கே போகலாம்?

எமது மாவட்டம் சைக்கிளுக்கு வாய்ப்பான பூமி. பெரும்பகுதி மட்டமான தரை. அவசரமில்லாமல் மிதித்தால் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் போகலாம்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியைக் கடக்கும்போது இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற இடம் அது. அனுராதபுர வீதியால் போனால் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றரில் கன்னியா. ஒன்றுக்கொன்று சூடு வேறுபடும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அங்குள்ளன. இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம். முன்னர் படகுப் பாதையை நம்பியிருந்த கிண்ணியாவுக்கு, 2009இல் திறக்கப்பட்ட பாலத்தால் சைக்கிளிலேயே போய்விடலாம்.

கவனிக்க வேண்டியவை

• முதற் பயணம் போக வர இருபது கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். நால்வருக்குக் குறையாமல் போங்கள். வேகம் குறைந்தவரை முன்னால் விடுங்கள்.

• விடிந்ததும் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்புங்கள். சோளகக் காலத்தில் வடக்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது அதுவே முகத்தில் அடிக்கும். அதற்கும் பலம் மிச்சம் வையுங்கள்.

• சீற்றின் உயரம் முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறத்தாழ நிமிர வேண்டும். பதிவாக இருந்தால் முழங்கால் நோகும்.

• சேலை, அபாயா, துப்பட்டா எதுவானாலும் செயின் கவரும் பின்சில்லுக்கு வலையும் அவசியம்.

• காற்றுப் போனால் அஞ்ச வேண்டாம். ரியூப்பைக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. அதைத் துடைத்துக் காயவைத்து, உரஞ்சி, சொலூசன் பூசுங்கள். அது சற்று உலர்ந்த பின்னரே ஒட்டுத்துண்டை அழுத்துங்கள். அன்று எட்டுப் பெண்கள் இதைச் செய்தே பார்த்தார்கள்.

கன்னியா வரை

பேச்சு முடிந்ததும் எழுந்த கேள்விகள் சைக்கிளைப் பற்றியவை அல்ல. "வீட்டில என்ன சொல்லிப்போட்டு வாறது?" "காலமைச் சாப்பாடு ஆர் குடுக்கிறது?" இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, அவர்களிடம் இருந்தது. இரண்டு குழுவாகப் பிரிந்து, ஒரு குழு போகும் நாளில் மற்றக் குழு அவர்களது பிள்ளைகளையும் நோயாளரையும் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். அதைக் கூட்ட அறிக்கையிலும் எழுதினார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதற் குழுவில் ஒன்பது பேர் கன்னியாவுக்குப் போனார்கள். இரண்டு சைக்கிள் இரவல். ஒரு ரியூப் வழியில் காற்றுப்போய், வீதியோரத்திலேயே ஒட்டப்பட்டது. மாமியாரைப் பராமரிக்கும் அந்தப் பெண்ணும் போனார். மூலையில் இருந்த அம்மா முழங்கால் நோவால் போகவில்லை. ஆறு பிள்ளைகளுக்குப் புட்டு அவித்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தவர்களிடம் கிணற்றுச் சூட்டைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார்.

உங்கள் சங்கத்திலும் இதைப் பேசிப் பாருங்கள். பணம் அதிகம் தேவைப்படாது. நாலு சைக்கிள், ஒரு பம்ப், ஓர் ஒட்டுப் பெட்டி. அதற்கு முதல், வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்மதிக்கும் நாலு தோழிகள்.