நீல இலை பூத்த திரைகள்

நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒற்றைக்கொம்பு யூனிகார்னை வேட்டையாடும் கதையைச் சொல்லும் ஏழு சுவர்த்திரைகள் இருக்கின்றன. 1495க்கும் 1505க்கும் இடைப்பட்ட காலத்தவை. கடைசித் திரையில் வட்ட வேலிக்குள், மாதுளை மரத்தடியில் யூனிகார்ன் படுத்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய அதிசயம் அதைச் சுற்றியுள்ள தரை. கரும்பச்சைப் பரப்பு முழுக்கச் செடிகள். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூத்து நிற்கிறது. 'மில்ஃப்ளர்', அதாவது ஆயிரம் பூக்கள் என்று இந்தப் பாணிக்குப் பெயர். ஏழு திரைகளிலும் சேர்த்து 101 வகைத் தாவரங்கள். அவற்றில் 85க்கும் மேற்பட்டவற்றைத் தாவரவியலாளர்கள் இன்ன செடி என்று பெயர் சொல்லிவிட்டார்கள். நெசவாளரின் கண் அவ்வளவு துல்லியம்!

இது துணிமேல் போட்ட பூவேலை அல்ல. படமே துணி. சாதாரண நெசவில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடும். இங்கே ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல்கண்டு. இதழின் விளிம்புவரை போய் அங்கேயே திரும்பிவிடும். அடுத்த நிறம் அங்கிருந்து தொடங்கும். ஊடையை நெருக்கி அடித்து இறக்குவதால் பாவு நூல் கண்ணிலேயே படாது. நெசவாளர் வேலை செய்வது துணியின் பின்பக்கத்தில். படமும் தறியில் பக்கவாட்டில் கிடக்கும். மாதுளை மரம் படுத்தபடிதான் வளர்ந்தது.

சாயத்துக்கு முக்கியமாக மூன்றே செடிகள். சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேர், மஞ்சளுக்கு வெல்ட், நீலத்துக்கு வோட். நம் அவுரியில் இருக்கும் அதே நீலம்தான் வோட் இலையிலும் இருக்கிறது. பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை. நீலத்தையும் மஞ்சளையும் ஒரே நூலில் ஏற்றினார்கள். வெளிச்சத்தில் முதலில் வெளிறுவது மஞ்சள். அதனால்தான் பழைய திரைகளில் பல இலைகள் நீலமாகத் தெரிகின்றன. 1998இல் க்ளாய்ஸ்டர்ஸ் திரைகளைத் துப்புரவு செய்யப் பின்துணியைப் பிரித்தபோது, வெளிச்சம் படாத பின்பக்கத்தில் பழைய நிறங்கள் செழிப்பாகவே இருந்தன.

பாரீஸின் க்ளூனி அருங்காட்சியகத்தில் 'சீமாட்டியும் யூனிகார்னும்' என்ற ஆறு திரைகள் உள்ளன. இவை 1500ஐ ஒட்டியவை; தரை சிவப்பு. ஈரத்தில் பழுதான அடிப்பகுதியை 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாய நூலால் புதிதாக நெய்து சேர்த்தார்கள். இன்று வெளிறிக் கிடப்பது அந்தப் புதிய பகுதிதான். மேலே உள்ள பழைய சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.