கடை மாற்றும்போது லாரிக்காரர் ஏற்றாத சரக்கு

மயிலாப்பூர், மந்தைவெளி, தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கடை காலி செய்யும் வணிகர்களின் எண்ணிக்கை கடந்த சில ஆண்டுகளில் கூடிவிட்டது. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன்பின் லஸ், பனகல் பார்க், அடையாறு சந்திப்பு என்று வரிசையாகத் தடுப்புகள் வந்தன. வாடிக்கையாளர் வந்து நிற்க இடமில்லாமல் பலருக்கு வியாபாரம் படுத்தது. இன்னொரு பக்கம், பழைய கட்டடங்களை இடித்துக் கட்டக் கொடுக்கும் உரிமையாளர்கள் இரண்டு மூன்று மாத அவகாசத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள்.

புது இடம் பார்ப்பது, அட்வான்ஸ் புரட்டுவது, ரேக் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் நம்மவர்கள் திட்டம் போடுகிறார்கள். சரக்கு ஏற்றும் நாளன்று பாக்கர்ஸ் கம்பெனி ஆள் வந்து, கடையின் ஒரு மூலையைக் காட்டி, “இதெல்லாம் எங்கள் வண்டியில் ஏறாது” என்று சொல்லும்போதுதான் விழிக்கிறார்கள். கற்பூரம், தீப்பெட்டி, மண்ணெண்ணெய், தின்னர், கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், கொசு மருந்து ஸ்பிரே, லைட்டர், காஸ் சிலிண்டர், பிரித்த எண்ணெய் டின். எந்தக் கம்பெனியைக் கேட்டாலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான்.

அந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது என்ன? லோடுமேன் கையில் நூறு ரூபாயை வைத்து, அரிசி மூட்டைகளுக்கு நடுவே செருகச் சொல்வதுதான். இது கூடவே கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்து 9 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள் சமையலுக்காக விதிக்கு மாறாக காஸ் சிலிண்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி ஓசூர் எல்லையை அடுத்த அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது தீப்பற்றியது. தீபாவளி நேரத்துக் கூலிக்காகப் போன நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் அதில் போய்விட்டார்கள்.

சட்டமும் நம் பக்கம் இல்லை. 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கின் மதிப்பையும் அது அபாயகரமானதா என்பதையும் அனுப்புகிறவர் உள்ளபடி எழுதித் தர வேண்டும். தவறாக எழுதி அதனால் லாரிக்காரருக்கு நஷ்டம் வந்தால் ஈடு செய்ய வேண்டியவர் அனுப்பியவரே. “மளிகைச் சாமான் 40 மூட்டை” என்று எழுதிவிட்டு உள்ளே தின்னர் வைத்தால், இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது நம் எழுத்தே நமக்கு எதிராக நிற்கும்.

ஆகவே மூன்று மாதம் முன்பே கணக்கெடுக்க வேண்டும். முதலில் கற்பூரம். இது எளிதில் பற்றும் என்பது ஒரு பக்கம்; காற்றில் கரையும் சரக்கு என்பது இன்னொரு பக்கம். மூடிய வண்டியில், சென்னை வெயிலில், கற்பூர வாசனை டீத்தூளிலும் ரவையிலும் ஏறிவிட்டால் அந்தச் சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதில் கவலையே வேண்டாம். கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பூஜைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆடி, நவராத்திரி, கார்த்திகை, பங்குனி ஆகியவற்றில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் அசல் விலைக்கே தள்ளிவிடலாம். தீப்பெட்டியும் அப்படித்தான். 600 பெட்டி கொண்ட பண்டலைப் பிரிக்காமல் வைத்திருந்தால் பக்கத்து டீக்கடை, பெட்டிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்தான் பெரிய தொல்லை. இவை இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மந்தைவெளியிலிருந்து கடை மாற்றிய ஒரு நண்பர், பாக்கர்ஸ் மறுத்ததும் குட்டி யானை ஒன்றைப் பிடித்து, இரண்டையும் ஒரே தார்பாய்க்குள் ஏற்றி அனுப்பினார். வழியில் ஒரு கேனின் மூடி கழன்றது. இறக்கும் இடத்தில் தார்பாயை விலக்கிய பையன்கள் கண்ணும் தொண்டையும் எரிந்து கீழே குதித்தார்கள். திறந்த தெருவாக இருந்ததால் தப்பினார்கள். பிளீச்சிங் பவுடருக்கு எண்ணெயும் ஆகாது. இரண்டும் சேர்ந்தால் தானே சூடேறிப் பற்றும். சீல் உடையாத கேன்களைக் கொடுத்தவரிடமே திருப்புங்கள். மீதியை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும். தயவுசெய்து சாக்கடையில் ஊற்றாதீர்கள். அங்கே வேலை செய்ய வருகிறவரும் மனிதர்தான். லேபிள் போனது, கசிவது, தேதி முடிந்த பூச்சி மருந்து, எலிப் பசை ஆகியவற்றைக் குப்பையோடு கலக்காமல், அபாயகரமான கழிவு என்று சொல்லி மாநகராட்சி ஆட்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டல அலுவலகங்களில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

கடையில் 19 கிலோ காஸ் இணைப்பு இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியிடம் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம். பழைய இணைப்பு ரசீதைத் தேடி எடுங்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் 5 கிலோ சிலிண்டர்களும் கொடுத்தவரிடமே போக வேண்டும். கடைக்குப் பின்னால் வீட்டு சிலிண்டரை வைத்து டீ போடுகிறவர்களுக்கு நாம் சொல்ல ஒன்றுமில்லை. அது கடை மாற்றாவிட்டாலும் குற்றம்தான்.

தீபாவளிச் சீட்டு நடத்துபவர்களிடம் பட்டாசு மிஞ்சியிருக்கும். அதைப் பரணில் போட்டு வைப்பதே தவறு. லைசென்ஸ் உள்ள வியாபாரியிடம் திருப்புவது தவிர வேறு வழி இல்லை. 2021 அக்டோபரில் சங்கராபுரம் பட்டாசுக் கடை தீ, அக்கம்பக்கத்துக் கடைகளையும் சேர்த்து அழித்தது.

பிரித்த எண்ணெய் டின், வெல்லம், ஊறுகாய் ஆகியவற்றை ஆபத்து என்று யாரும் சொல்வதில்லை. ஒழுகும், எறும்பு வரும் என்றுதான் மறுக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. இவற்றை நம் ஆளை உடன் வைத்து, தனி மீன்பாடி வண்டியில் கொண்டுபோகலாம்.

பலர் கவனிக்காத செலவு ஒன்று இருக்கிறது. “போகட்டும், தூக்கி எறி” என்றோ “சும்மா கொடுத்துவிடு” என்றோ சொல்வது வாய்க்கு எளிது. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)(எச்) பிரிவின்படி, அழித்த சரக்குக்கும், கணக்கிலிருந்து தள்ளிய சரக்குக்கும், இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் நாம் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆகவே பாதி விலைக்கானாலும் பில் போட்டு விற்பது மேல். கொடுத்தவரிடம் திருப்பிக் கிரெடிட் நோட் வாங்குவது அதனினும் மேல்.

இங்கே மொத்த வியாபாரிகளாகிய எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். இருபது முப்பது வருடம் நம்மிடமே கொள்முதல் செய்த சில்லறை வணிகர், கடை மாற்றும் நேரத்தில் பத்துக் கேன் ஆசிட்டையும் நான்கு பெட்டிக் கற்பூரத்தையும் திருப்பக் கேட்டால், “விற்ற சரக்கு வாபஸ் இல்லை” என்று பில்லின் அடியில் உள்ள வரியைக் காட்டுவது சரியல்ல. நமக்கு அதைச் சுற்றில் விட அடுத்த கடை இருக்கிறது, அவருக்கு இல்லை. சீல் உடையாத சரக்கை எடுத்துக்கொள்வது என்று எங்களில் சிலர் வழக்கமாக வைத்திருக்கிறோம். ஒரு மாதம் முன்னால் எழுத்தில் பட்டியல் கொடுத்தால் போதும்; நம் வண்டி சரக்கு போட வரும்போது திரும்பும் வழியில் ஏற்றிக்கொள்ளும்.

ரொக்கம், கணக்குப் புத்தகங்கள், லைசென்ஸ்கள் ஆகியவற்றையும் பாக்கர்ஸ் பொறுப்பேற்க மாட்டார்கள். கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஏற்றும் சரக்கின் மதிப்பு 1 லட்ச ரூபாயைத் தாண்டினால், தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றாலும், டெலிவரி சலானோடு ஈ-வே பில்லும் வேண்டும். புது முகவரியை 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. பதிவில் மாற்றிவிட வேண்டும்.