முதுமலையில் சிறுத்தை எங்கே, எப்போ கண்ணில் படும்?

மசினகுடி:
"பஸ்சுக்கும் வேனுக்கும் காசு குடுத்ததுதான் மிச்சம். மானும் மயிலும்தான் பார்த்தோம்." முதுமலை போய் வந்தவர்கள் பலர் இப்படித்தான் புலம்புகிறார்கள். அங்கே சிறுத்தை இல்லாமல் இல்லை. நாம் பார்க்கிற இடமும் நேரமும்தான் சரியில்லை.

முதுமலை புலிகள் நிறைந்த காடு. 2007-ல் புலிகள் காப்பகமானது. புலி என்றால் சிறுத்தைக்கு பயம். அதனால் பாறை, மரக்கிளை, காட்டோரம் என்று ஒதுங்கியே திரியும். அடித்த மானை மரத்தில் தூக்கி வைப்பதும் அதற்காகத்தான். எனவே தரையை மட்டும் பார்க்காதீங்க. தடித்த கிளையில் வால் தொங்குதா என்றும் பாருங்க.

காலை முதல் வேன் அல்லது மாலை கடைசி வேன்தான் நல்லது. வெயில் ஏறினால் அது நிழலில் படுத்துவிடும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இலை உதிர்ந்து, புல் காய்ந்து காடு வெளிச்சமாக இருக்கும். விலங்குகள் தண்ணீர் தேடி குட்டைக்கு வரும். ஆனால் காட்டுத்தீ பயத்தால் கோடையில் சில சமயம் சவாரியை நிறுத்தி விடுவார்கள். விசாரித்துவிட்டு கிளம்புங்க. மழை பெய்து உண்ணிச்செடி மண்டிவிட்டால் பத்தடி தள்ளி நின்றாலும் தெரியாது.

கூடலூர் பக்கம் மழை அதிகம், காடு அடர்த்தி. கிழக்கே மசினகுடி, மாயாறு பக்கம் முள்காடு. பார்வை தூரமாக போகும்.

காதை தீட்டுங்க

கண்ணை விட காதுதான் முக்கியம். புள்ளிமான் திடீரென கிறீச்சிடும். மரத்தில் கறுப்பு முக லங்கூர் குரங்கு ஒரே பக்கம் பார்த்து இருமுவது போல கத்தும். அந்தப் பக்கம் பாருங்க. பேச்சை நிறுத்துங்க.

"ராத்திரி ஜீப்பில் கூட்டிட்டு போறேன், கண்டிப்பா சிறுத்தை காட்டுறேன்" என்று யாராவது கூப்பிட்டால் ஏறாதீங்க. அது சட்டவிரோதம். சிக்கினால் அபராதம் உங்களுக்கும்தான். ராத்திரி வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதால்தான், எல்லை தாண்டி பந்திப்பூர் ரோட்டில் 2009-ல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு தடை போட்டார்கள்.

பகலில் சொந்த வண்டியில் போகும்போது சிறுத்தை ரோட்டை கடந்தால் இறங்கவே கூடாது. குழந்தையை போட்டோ எடுக்க இறக்கி விடுவது எல்லாம் விபரீதம். குனிகிற ஆளும் சின்ன பிள்ளையும் அதன் கண்ணுக்கு இரை மாதிரி தெரியும்.

வனத்துறை வேன் தெப்பக்காட்டில் கிளம்புகிறது. ஊட்டியில் இருந்து கூடலூர் வழியாக சுமார் 67 கிலோமீட்டர். முதல் வேனை பிடிக்க முந்தின நாளே மசினகுடியிலோ கூடலூரிலோ தங்கிவிடுங்க.