நெடுந்தூரம் ஓடும் எஞ்சின்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறீர்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவுகள். எஞ்சின் உறுமிக்கொண்டே ஏறுகிறது. அதே வண்டியில் மறுநாள் சேலம்–சென்னை நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறீர்கள். பாதை சமதளம், எஞ்சினும் சீராக ஓடுகிறது. இவ்விரண்டில் எஞ்சினுக்கு அதிக வேலை எது?

மலை ஏறுவதுதான் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வண்டி, இரண்டு பேர், சாமான் எல்லாம் சேர்ந்து எடை 350 கிலோ என வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். இந்த எடையை அவ்வளவு உயரத்துக்கு 40 நிமிடத்தில் தூக்கச் சராசரியாக இரண்டேகால் குதிரைத்திறன் போதும்! டயரின் உராய்வு, காற்றின் தடை இரண்டையும் சேர்த்தாலும் மூன்றரைக்கு மேல் போகாது. வளைவை விட்டு வெளியேறும் சில விநாடிகளில் மட்டும் இது பல மடங்காகும்.

சமதளத்தில் 70 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 5 குதிரைத்திறன் வேண்டும். 100 கிலோமீட்டருக்கோ ஏறத்தாழ 12! காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. ஆகவே எஞ்சினை மெய்யாகவே வாட்டுவது ஓய்வில்லாத நெடுஞ்சாலைதான். மலை வேறு விதமாகச் சோதிக்கிறது. அங்கே வேலை குறைவு. ஆனால் சிறிய கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல, வண்டி மெதுவாகப் போவதால் குளிர்விக்கும் காற்றும் குறைவு.

இந்த இரண்டு சோதனைகளிலும் தேறும் எஞ்சினை எப்படி அமைப்பது?

பெரிய எஞ்சின் எதற்கு?

நமக்குப் பழக்கமான புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மதராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்ததிலிருந்து சென்னையில் உருவாகிவரும் வண்டி இது. பழைய புல்லட் 350-ன் சிலிண்டர் துளை 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இதன் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். திறன் 18 குதிரை. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு வேண்டிய 12-ஐ இதனிடம் கேட்டால் அதன் முழு வலிமையில் மூன்றில் இரண்டு பங்கைக் கேட்கிறோம்.

2009-ல் இந்தியச் சந்தைக்கு வந்த கிளாசிக் 500-ன் திறன் 27 குதிரை. அதே வேலை அதற்குப் பாதிப் பளுகூட இல்லை. 2018-ல் வந்த இரட்டைச் சிலிண்டர் இன்டர்செப்டர் 650-ன் திறன் 47. அதற்கு அது கால் பங்குப் பளுதான். 50 கிலோ மூட்டையைத் தூக்கக்கூடியவர் 12 கிலோவை நாள் முழுவதும் சுமப்பார். 18 கிலோ மட்டுமே தூக்கக்கூடியவர் விரைவில் களைத்துப்போவார். பெரிய எஞ்சின் பறப்பதற்காக அன்று, களைக்காமல் இருப்பதற்காக.

மெதுவாகச் சுழல்வது இன்னொரு நன்மை. 90 மில்லிமீட்டர் ஓட்டமுள்ள பிஸ்டன், நிமிடத்துக்கு 3,000 சுற்றில் சராசரியாக விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 5,000 சுற்றில் அது 15 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் பிஸ்டன் நின்று திரும்ப வேண்டும். அப்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை, சுற்று வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. 3,000-லிருந்து 5,000-க்குப் போனால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு! இதனால்தான் 650-ல் பிஸ்டன் ஓட்டத்தை 67.8 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். அது 4,000 சுற்றில் ஓடும்போதும் பிஸ்டனின் வேகம் அதே 9 மீட்டர்தான்.

துளையைப் பெருக்கினால் போதுமா?

350-ன் சிலிண்டரைப் பெரிதாக்கிவிட்டால் 500 ஆகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கொள்ளளவு ஆகிவிடும். 84 மில்லிமீட்டர் துளையும் அதே 90 மில்லிமீட்டர் ஓட்டமும் 499 கன சென்டிமீட்டர் தரும். ஆனால் விசையையும் பாருங்கள். எரியும் வாயு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ வீதம் அழுத்துவதாகக் கொள்வோம். 70 மில்லிமீட்டர் பிஸ்டன் மேல் விழும் அடி சுமார் 1,540 கிலோ. 84 மில்லிமீட்டர் பிஸ்டன் மேல் சுமார் 2,200 கிலோ. கனெக்டிங் ராடு, கிராங்க், பேரிங் எல்லாம் பழைய அளவிலேயே இருந்தால், ஒன்றரை டன் தாங்கப் பிறந்தவை இரண்டேகால் டன் தாங்க வேண்டும்; அதுவும் நிமிடத்துக்கு 1,500 முறைக்கு மேல்!

பழைய புல்லட்டில் கனெக்டிங் ராடின் கீழ்முனையில் இருந்தது மிதக்கும் புஷ். ஆயில் தடையின்றி வரும்வரை அது நன்றாக உழைக்கும். ஆயில் தட்டுப்பட்டால் மன்னிக்காது. பின்னர் வந்த எஞ்சின்களில் ரோலர் பேரிங் இடம்பெற்றது. துளையைப் பெருக்குவது லேத்தில் முடிந்துவிடும் வேலை. அதற்கு ஈடாக மற்ற உறுப்புகளையும் வலுப்படுத்துவதுதான் எஞ்சின் கட்டும் கலை.

தலைமுடியளவு இடைவெளி

பெட்ரோலின் வெப்பத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. 12 குதிரைத்திறன் என்பது 9 கிலோவாட். இதைப் பெற 36 கிலோவாட் அளவுக்குப் பெட்ரோலை எரிக்க வேண்டும். மிச்சத்தில் பெரும்பகுதி புகைக் குழாய் வழியே போனாலும், ஏறத்தாழ 9 கிலோவாட்டைச் சிலிண்டரின் தகடுகளும் ஆயிலும் வெளியேற்றியாக வேண்டும். உங்கள் முழங்கால்களுக்கிடையே ஒன்பது மின் அடுப்புகள் எரிவதாக எண்ணிக்கொள்ளுங்கள்!

சூட்டில் உலோகம் விரியும். சேர்வராயன் மலையில் ஏற்காடு, தலைச்சோலை என்று சுற்றி வருபவர்களுக்குப் பாக்சைட் புதிதல்ல. மேட்டூரில் முன்பு இயங்கிய அலுமினிய ஆலைக்கு இம்மலையின் பாக்சைட்டும் சென்றது. பிஸ்டன் அந்த அலுமினியத்தின் கலவையால் ஆனது. பழைய புல்லட்டின் சிலிண்டரோ வார்ப்பிரும்பு. அலுமினியக் கலவை இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். இரண்டும் 100 டிகிரி சூடேறினால், 84 மில்லிமீட்டர் பிஸ்டன் 0.17 மில்லிமீட்டர் பெருக்கும். சிலிண்டர் துளை 0.09 மட்டுமே பெருகும். வித்தியாசம் 0.08 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் பருமன்.

குளிர்ந்த நிலையில் விடும் இடைவெளி இதை ஈடுசெய்ய வேண்டும். குறைத்து விட்டால், சூடேறியதும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியின் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். உயிருக்கே ஆபத்தான நிலை இது. அந்தக் கணத்தில் கிளட்ச்சைப் பிடித்து விடுவதே ஓட்டுபவர் செய்யக்கூடியது. கூட்டி விட்டால், பிஸ்டன் தடதடக்கும், ஆயில் மேலேறி எரியும். சிலிண்டரையும் அலுமினியத்தில் வார்த்து, உள்ளே மட்டும் இரும்பு உறை வைத்தால் சூடு விரைவாக வெளியேறும். புது எஞ்சின்கள் இவ்வழியைத்தான் பின்பற்றுகின்றன. 650-ல் ஆயிலைக் குளிர்விக்கவே முன்புறம் தனி ரேடியேட்டர் உண்டு.

மலைக் காற்று

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 14 விழுக்காடு குறைவு. எஞ்சினின் உச்சத்திறனும் ஏறத்தாழ அவ்வளவு குறையும். கார்புரேட்டர் இதை அறியாது. கீழே கலந்த அளவிலேயே பெட்ரோலைக் கலக்க முயலும். கலவை கொழுத்து, ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். உணர்கருவிகளுடன் கூடிய பெட்ரோல் தெளிப்பு முறை, காற்றின் அளவறிந்து பெட்ரோலை இடுகிறது. மலையும் சமவெளியும் கலந்த பயணத்துக்கு இது பெரிய வசதி.

நீங்கள் செய்ய வேண்டியவை

சிலிண்டருக்குப் புதிதாகப் போர் போட்டிருந்தால், முதல் சில நூறு கிலோமீட்டர்களை மிதமான வேகத்தில், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். நெடும்பயணத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். தகடுகளுக்கிடையே ஒட்டிய சேற்றைத் துடையுங்கள். சேறு படிந்த தகடு போர்வை போர்த்திய தகடுதான். மலையில் எஞ்சின் திணறும்போது அதட்டாமல் கியரைக் குறையுங்கள். நெடுஞ்சாலையில் 100-ஐ 80 ஆக்கினால் தேவைப்படும் திறன் 12-லிருந்து 7-க்கு இறங்கிவிடும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் விட்டுக்கொடுத்தீர்கள். எஞ்சினின் பளுவிலோ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. எஞ்சினின் ஆயுள் பாதி கட்டியவர் கையில். மறு பாதி ஓட்டுபவர் கையில்.