கண்ணாடி இழை போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?



2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் பழுதான வீடுகளை நம் குடும்பங்கள் சில இன்னும் சீர்செய்து வருகின்றன. மேல்தளம் மாற்ற உதவி கேட்டு வந்த சகோதரர் ஒருவர், "கான்கிரீட்டில் கண்ணாடி இழை கலந்தால் கம்பியைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, உண்மைதானா?" என்று கேட்டார். பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே விளக்குகிறோம்.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிந்துவிடும். பாரம் ஏறும்போது அறையின் நடுவே தளத்தின் அடிப்பகுதி இழுபடுகிறது. அதைத் தாங்குவது கம்பி.

இழையின் வேலை வேறு. தளம் போட்ட சில மணி நேரத்தில், வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை உறிஞ்சுவதால் முடிபோன்ற கீறல்கள் விழும். நம் பக்கத்து ஆனி, ஆடிக் காற்றில் இது அதிகம். அதன் வழியே மழைநீர் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். மண் சுவருக்கு வைக்கோல் கலந்து குழைத்தார்களே, அதுபோல இழை இந்தக் கீறலைக் கட்டுப்படுத்துகிறது. கம்பிக்கு அது மாற்று ஆகாது.

சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமெண்டின் காரம் அரித்துவிடும். இங்கிலாந்தில் மஜும்தார் என்ற ஆய்வாளர் சிர்கோனியா சேர்த்த கண்ணாடி காரத்தைத் தாங்கும் என்று காட்டினார். 1971 முதல் அது விற்பனைக்கு வந்தது. சிர்கோனியா தரும் சிர்க்கான் நம் அண்டை ஊரான மணவாளக்குறிச்சி கடல் மணலிலும் கிடைக்கிறது. ஆகவே, வாங்கும்போது பையில் 'கார எதிர்ப்பு' வகை என்று குறித்திருக்கிறதா எனப் பாருங்கள்.

கீறலைத் தடுக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 600 கிராம் போதும். 10க்கு 10 அடி அறைக்கு 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 700 கிராம். கலவை இறுகலாகத் தெரிந்தாலும் கூடுதல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், பலம் குறையும். இழையைக் கையாள்பவர் கையுறை அணியட்டும். இழை கலந்தாலும் பாத்தி கட்டி 10 நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். இதைச் சரியாகச் செய்ய முடியாதவர்கள் இழைக்குச் செலவிட்டுப் பயனில்லை.

கம்பியின் கனமும் இடைவெளியும் பொறியாளர் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கட்டும். இழையைக் காட்டிக் கம்பியைக் குறைத்த மதிப்பீட்டுக்கு நம் டிரஸ்டின் வீட்டு உதவி கிடையாது. அந்தத் தளத்தின் கீழே உறங்கப்போவது நம் பிள்ளைகள்.

நம் இல்லங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.

— செயலாளர்